பேச்சி ஓடை நிலவரம்

"மூடியிருக்குன்னு எந்த மடையன்யா ஒமக்குச் சொன்னது?"

ராஜரத்தினம் போட்ட சத்தத்தில் தென்னந்தோப்பிலிருந்து இரண்டு கொக்குகள் எழும்பிப் பறந்தன. பாதைக்குக் குறுக்கே இறக்கியிருந்த மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பாண்டிதுரை மட்டும் அசையவில்லை. பேச்சியம்மன் கோயில் கமிட்டி வைத்திருக்கும் காவலாள் அவர். கழுத்தில் விசில், கக்கத்தில் ஒரு நோட்டு.

"மடையன் கிடையன்னு பேசாதீய அண்ணாச்சி. தகவல் வந்த எடம் நம்பிக்கையான எடம். அவிய சொல்லிட்டா ஆத்துத் தண்ணியே மறுபேச்சு பேசாது."

"நான் சொல்லுதேன், ஓடை தொறந்துதான் இருக்கு!"

"மூங்கி எறங்கியிருக்கு, பாத்தீயளா?"

"அதைத்தான்யா தூக்கச் சொல்லுதேன்!"

"தகவல் வராமத் தூக்க மாட்டேன்."

வேனின் கண்ணாடி இறங்கியது. முனீஸ்வரியின் தலை வெளியே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு கிலோ பால்கோவாவோடு காலையில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் தாயார்.

"மதினி, ஆத்து விசயத்துல அண்ணன் பெரிய ஆளுன்னு சொன்னீயளே?"

குருவம்மாள் புருஷன் ராஜரத்தினத்தின் முதுகைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த முதுகை வைத்தே முகத்தைக் கண்டுபிடிக்கிறவள் அவள். இப்போது அந்த முதுகு வேர்த்திருந்தது.

பெரிய ஆள் என்று குருவம்மாள் சொன்னதில் பொய் இல்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பார்க்கிற ராஜரத்தினத்துக்கு, வேலையை விடப் பெரிய பதவி ஒன்று இருந்தது. 'ஆத்து நிலவரம்' என்ற வாட்ஸப் குரூப்பின் அட்மின். நானூற்றுப் பன்னிரண்டு பேர். விடிந்தால் செய்தி வந்துவிடும். அய்யனார் கோவில் ஆறு, குளிக்கலாம். செண்பகத்தோப்பு, நடக்கலாம், இறங்கக் கூடாது. பிளவக்கல் அணைப் பூங்கா, பத்து மணிக்கு மேல் திறக்கும். குரூப்பில் அவர் பெயர் 'அருவி ராஜா'. படத்தில் அவர் முகத்துக்குப் பதில் ஓர் அருவி விழுந்துகொண்டிருக்கும்.

இதற்காக அவர் மலையடிவாரம் முழுக்கச் சுற்றுவார் என்று நினைத்தால் அது நம்முடைய வெள்ளை மனசு. ஆற்றங்கரை டீக்கடைகள் நாலைந்தின் நம்பர் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். அவர் கடைசியாக ஆற்றில் இறங்கியது மகளுக்குக் காது குத்தின வருஷம். சளி பிடித்துப் பத்து நாள் படுத்துக்கிடந்தார். தவிரவும், அந்தத் தலைமுடி. ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு கறுப்பு, நெற்றியில் அப்படி ஒரு சுருள். பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு அவர் வீட்டுக் கொல்லையில் பழைய பல் பிரஷும் கிண்ணமும் காய்ந்துகொண்டிருப்பதைத் தெருவில் பார்க்காதவர்கள் கிடையாது. பார்த்ததாகச் சொன்னவர்களும் கிடையாது. நமக்கெதற்கு வம்பு?

அவருடைய ஒரே மகள் நாகஜோதிக்கு இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை விக்னேஷ்வரனுக்கு ஓசூரில் வேலை. பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டது. வீட்டைப் பார்க்க முனீஸ்வரியும் அவள் புருஷன் சிவபாண்டியும் வந்திருந்தார்கள். "பாத்துட்டுப் போயி, தட்டு மாத்துற நாளைச் சொல்லுதோம்" என்பது முனீஸ்வரியின் வாக்கு. அதாவது, இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகக் கழிந்தால் நாள் வரும். கழியாவிட்டால் பால்கோவா டப்பாவோடு சரி.

சிவபாண்டி சாதுவான மனுஷர். தலையில் ஒரு முடி இல்லை, வாயில் ஒரு குறை இல்லை. அவர் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்தப் பக்கம் குளிக்கிற மாதிரி ஏதாவது தொறந்திருக்கா சம்பந்தி?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீய! எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன். பேச்சி ஓடை. தொறந்திருக்கு. கூட்டமே இருக்காது. உங்களுக்காகவே ஓடுற மாதிரி ஓடும்" என்றார் ராஜரத்தினம்.

விசாரித்தது நிஜம். அடிவாரத்து டீக்கடைக்காரர் வியாழக்கிழமையே சொல்லியிருந்தார், தண்ணீர் முழங்கால் அளவு, பயமில்லை என்று. கூட்டம் இருக்காது என்பதற்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீயை உறிஞ்சிக்கொண்டே போனில் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருந்தார். என்ன ஏற்பாடு என்று குருவம்மாளுக்குக்கூடச் சொல்லவில்லை. வரும் வழியில் ஞாயிற்றுக்கிழமை ரோடு ஈ காக்கை இல்லாமல் கிடந்ததைப் பார்த்து அவருக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. மூங்கிலைப் பார்த்ததும் அது நின்றது.

'நான் யார் தெரியுமாய்யா?' என்று கேட்க வாய்வரை வந்தது. வெள்ளிக்கிழமை ஏற்பாடு ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டார்.

"திரும்பிரலாமா அண்ணே? விசாரிக்காம வந்துட்டா இப்படித்தான் ஆகும்" என்றாள் முனீஸ்வரி.

விசாரிக்காமல்! குருவம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ராஜரத்தினம் மூங்கில்மேல் குனிந்து குரலை இறக்கினார்.

"யாரையுமே விட மாட்டீரா?"

"குளிக்க வாறவியள விட மாட்டேன். கோயிலுக்கு நேர்த்திக்கடன்னா விட்டுத்தான் ஆவணும். பேச்சிக்கும் பக்தருக்கும் நடுவுல நான் யாரு?"

"அட, அதைச் சொல்லும்! நாங்களும் நேர்த்திக்கடன்தான்."

"என்ன கடன்?"

"பொங்கல்."

"பானை எங்க?"

"பொங்கல்னா... கெடா."

"கெடா எங்க?"

ராஜரத்தினம் வேனைத் திரும்பிப் பார்த்தார். கையில் எதுவும் எடுத்துவராமல் செலுத்தக்கூடிய நேர்த்திக்கடன் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது.

"மொட்டை" என்றார்.

"அப்படி வாங்க. எந்தத் தலை?"

சிவபாண்டியின் தலையில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. மற்ற மூன்றும் பெண்கள் தலை. டிரைவர் அவசரமாகத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"இந்தத் தலைதான்" என்றார் ராஜரத்தினம்.

உள்ளே போனால் யார் பார்க்கப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. பாண்டிதுரையோ நோட்டைப் பிரித்துப் பெயர் எழுதினார். போனை எடுத்து அவர் தலையை முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் பிடித்தார்.

"இது எதுக்கு?"

"போன மாசம் ஒரு வேன் நிறைய வந்தாவ. மொட்டைன்னு சொல்லிட்டுப் போயி, குளிச்சு முடிச்சு, அம்புட்டு முடியோடயும் திரும்பி வாறாவ. அன்னைக்கு ராத்திரியே கோயில் மோட்டார் எரிஞ்சு போச்சு. அதுலருந்து கமிட்டில முடிவு பண்ணிட்டோம். போகும்போது முடி, வரும்போது மொட்டை. ரெண்டையும் ஒத்துப் பாத்துத்தான் மூங்கிய தூக்குவேன்."

மூங்கில் எழும்பியது. ராஜரத்தினத்தின் கை தானாகத் தலைமுடிக்குப் போனது.

மூங்கிலிலிருந்து கோயிலுக்கு அரை மைல் நடை. வழிநெடுக மருத மரங்கள், பக்கத்திலேயே ஓடையின் சலசலப்பு. பார்க்க வேண்டிய காட்சிதான். முனீஸ்வரி சம்பந்தியின் தலையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"எதுக்கு அண்ணே வேண்டிக்கிட்டீய?"

"எல்லாம் ஜோதிக்காகத்தான் தாயி. நல்ல இடம் அமையணும்னு."

முனீஸ்வரி நடையைக் குறைத்தாள். "மொட்டை போடுதேன்னு வேண்டுற அளவுக்கா? அம்புட்டுக் கஷ்டப்பட்டீயளா? எத்தனை எடம் தட்டிப்போச்சு மதினி?"

"ஒண்ணுகூடத் தட்டிப்போகல!" என்று குருவம்மாள் பதறினாள். பின்னால் வந்த நாகஜோதி மருத மரத்தில் ஏதோ குருவி இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தாள்.

"அவளுக்கு இல்ல தாயி, தப்பாச் சொல்லிட்டேன். எனக்கு. ஒடம்புக்கு ஒரு... லேசா..." என்றார் ராஜரத்தினம்.

"லேசான சங்கதிக்கு யாரு அண்ணே மொட்டை போடுவா? நெஞ்சுலயா? உங்கப்பாருக்கும் இருந்துச்சோ? பிள்ளைக்கும் வரும்ல அது?"

"ஐயோ மதினி, அவிய ஒடம்பு கல்லு மாதிரி. தலைவலின்னு ஒரு நாள் படுத்தது கெடையாது" என்று குருவம்மாள் குறுக்கே விழுந்தாள். புருஷனுடைய பொய்யைப் பெண்டாட்டி உடைத்ததா, பெண்டாட்டியின் மெய்யைப் புருஷன் கெடுத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருவரும் விழித்தார்கள்.

"மகளுக்கும் இல்ல, ஒடம்புக்கும் இல்ல" என்று முனீஸ்வரி நின்றே விட்டாள். "பின்ன எதுக்குத்தான் மொட்டை? இதுல என்னத்தையோ மறைக்கீய. நாங்க பொண்ணு எடுக்கிற வீடு. தெரிஞ்சாவணும்ல?"

தட்டு மாற்றும் நாள் அந்த மருத மர நிழலில் ஆடிக்கொண்டு நின்றது.

சிவபாண்டிக்குத்தான் மனசு பொறுக்கவில்லை. சம்பந்தியின் தோளில் கையைப் போட்டுக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். நல்லவர்கள் செய்கிற காரியம் சில நேரம் இப்படித்தான் முடியும்.

"ஆம்பளைக்கு ஆம்பளை கேக்கேன், மனசுல வச்சிக்கிடாதீய." பெருவிரலை வாய்க்கு நேரே உயர்த்தி, அண்ணாந்து குடிப்பதுபோல் காட்டினார். "இதுதான?"

ராஜரத்தினம் வாழ்நாளில் சொட்டு தொட்டவர் இல்லை. கம்பெனி ஆயுதபூஜையில்கூடக் கலர் சோடா குடித்துவிட்டு வருகிறவர். 'இல்லை' என்றால் அடுத்த கேள்வி வரும். தலையைக் குனிந்தார்.

"விட்டு எம்புட்டு நாளாச்சு?"

"எட்டு... எட்டு மாசம்."

சிவபாண்டி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு மனைவியிடம் போய்க் காதில் சொன்னார். சிவபாண்டி காதில் சொன்னால் கோயில் வரைக்கும் கேட்கும். குருவம்மாளுக்கும் கேட்டது. நாகஜோதிக்கும் கேட்டது. கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த பூசாரி ஐயாதுரைக்கும் கேட்டது.

முனீஸ்வரியின் முகம் மாறியது. கண் கலங்கிவிட்டது. "இதைச் சொல்றதுக்கா அண்ணே இம்புட்டுக் கூச்சம்? குடிக்காத ஆம்பளைய எங்கயும் பாத்துரலாம். குடிச்சு விட்டவியளப் பாக்க முடியுமா? எங்கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கானே, சங்கிலிப்பாண்டி. ஆறு கோயில்ல சத்தியம் பண்ணுனான், ஏழாவது கோயில் வாசல்லயே விழுந்து கெடந்தான். நீங்க பெரிய மனுசன்."

குருவம்மாள் வாயைத் திறந்தாள். நாகஜோதி அம்மாவின் கையைக் கிள்ளினாள். பெண் வீட்டார் கௌரவமும் பெண்ணின் கல்யாணமும் ஒரே தட்டில் வந்து நின்றால், எதை இறக்கி வைப்பது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? வாய் மூடிக்கொண்டது.

மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த முடி எடுக்கிறவரை ஐயாதுரை எழுப்பினார். "எந்திரியும். காலையிலருந்து ஒரு ஆளு வரல. இன்னைக்கு என்னமோ ஊரே அடங்கிக் கெடக்கு."

ராஜரத்தினம் பலகையில் உட்கார்ந்தார். தலையில் தண்ணீர் தெளித்ததும் கறுப்பு கரைந்து காதோரமாக ஒரு கோடு இறங்கியது.

"அண்ணே, இது சாயமா?" என்றாள் முனீஸ்வரி, ரொம்ப அன்பாக.

அந்த நேரம் பார்த்து ஓசூரிலிருந்து மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தான். "இந்தா, உம் மாமனாரப் பாரு" என்று அவள் போனைத் திருப்பிப் பிடித்தாள். பாதித் தலை வெள்ளையாக, பாதித் தலை கறுப்பாக, காதில் மை வழிய, ராஜரத்தினம் வருங்கால மருமகனுக்குக் கும்பிடு போட்டார்.

"குடியை விட்டதுக்காக மொட்டைடா!" என்று போனுக்குள் கத்தினாள் முனீஸ்வரி. ஓசூரில் அவன் பக்கத்தில் இருந்த நாலு பேருக்கும் அது கேட்டிருக்கும்.

முடி எல்லாம் இறங்கியது. அடியில் வெயில் காணாத தலை, உரித்த பனங்கிழங்கு நிறத்தில் மினுங்கியது. அதன்மேல் சந்தனத்தைப் பூசினார் ஐயாதுரை. இறங்கி முழுக்குப் போடச் சொன்னார்.

மூங்கில் போட்டு மூடிய ஓடையில் தண்ணீர் முழங்கால்தான் இருந்தது. மணல் தெரிந்தது, மணலில் ஓடுகிற கெண்டைக் குஞ்சு தெரிந்தது. மேலே பாறையிலிருந்து அருவி பட்டு நூல் மாதிரி விழுந்தது. ராஜரத்தினத்துக்குக் குழப்பமாக இருந்தது. குளிரும் இருந்தது. மூன்று முழுக்குப் போட்டார், ஒன்பது தும்மல் போட்டார்.

முனீஸ்வரி பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டாள். சிவபாண்டி நேர்த்திக்கடன்காரர் வீட்டு ஆள் என்ற உரிமையில் அருவிக்கு அடியில் போய் நின்று, குழந்தை மாதிரி சத்தம் போட்டார்.

"நீங்க சொன்னது ஒண்ணு மெய்தான் அண்ணே. கூட்டமே இல்ல. நமக்காகவே ஓடுற மாதிரி இருக்கு. அடுத்த புதன்கிழமை தட்டு மாத்திக்கிடுவோம். செவ்வாக்கிழமை எந் தம்பிய அனுப்பி வைக்கேன். எப்படி விட்டீயன்னு அவனுக்குச் சொல்லிக் குடுங்க."

திரும்பும்போது பாண்டிதுரை போனில் இருந்த படத்தையும் எதிரே நின்ற தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் போய் ஒரு தடவை சரிபார்த்தார். இன்னும் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, நோட்டில் 'தீர்ந்தது' என்று எழுதினார்.

"பேச்சி நல்லா வைப்பா அண்ணாச்சி."

மூங்கில் எழும்பியது.

அதற்கப்புறம் நடந்ததை நம் தெருவில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேன் டிரைவர் எதிர்வீட்டுக்காரியின் அக்காள் மகன். அன்று சாயங்காலம் ராஜரத்தினம் பால் வாங்கப் போனபோதே பால்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுட்டீயளாமே, சந்தோசம்" என்றார். "எப்ப பிடிச்சேன்?" என்று கேட்க முடியுமா? ஒரு வார்த்தை மறுத்தால் அது ஒரே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும். கம்பெனியில் முதலாளி தனியாகக் கூப்பிட்டு, "என்கிட்டயே மறைச்சிட்டீரேய்யா" என்றார். கோயிலுக்குப் போனால் தெரிந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டுப் பேசினார்கள். அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சந்து வழியாகவே வீட்டுக்கு வந்துபோனார்.

செவ்வாய்க்கிழமை சங்கிலிப்பாண்டி வந்தார். ராஜரத்தினத்துக்கு என்ன தெரியும்? "தோணும்போதெல்லாம் மோர் குடிங்க" என்றார். வேறொன்றும் தெரியாததால் அதையே அடுத்த செவ்வாயும் சொன்னார். ஐந்தாவது செவ்வாய்க்கிழமை சங்கிலிப்பாண்டி நிஜமாகவே விட்டுவிட்டார். சிலர் யோகம் அப்படி. அவர்கள் செய்கிற நல்லதுகூட அவர்களைத் தலைகுனிய வைத்துவிட்டுத்தான் போகும்.

தை மாதம் கல்யாணம். நாகஜோதி இப்போது ஓசூரில் இருக்கிறாள். விக்னேஷ்வரன் தங்கமான பையன், பெண்டாட்டி சொல்லைத் தட்டுவதில்லை. சங்கிலிப்பாண்டி வத்திராயிருப்பில் ஒரு மோர்க்கடை போட்டு, நாற்பத்தொன்பதாவது வயதில் வன்னியம்பட்டிப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடி போய்விட்டார். ராஜரத்தினமும் அட்மின் பதவியை விட்டுவிட்டு, குருவம்மாளோடு மகள் வீட்டுப் பக்கமே ஒரு வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார். மகளைப் பிரிந்து இருக்க முடியவில்லை என்று குருவம்மாள் சொன்னாள். தெருவில் தலையை ஆட்டினோம். மண்டபத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள்தானே நாமெல்லாம்.

தாலி ஏறி முடிந்திருந்தது. சங்கிலிப்பாண்டி மைக்கைப் பிடித்து, "குடியில விழுந்து எந்திரிச்ச தெய்வம் எங்க அண்ணாச்சி" என்று அழுதுமுடித்து, அப்போதுதான் கீழே வைத்திருந்தார். மணமேடையில் ஒரு விரற்கடை நரைமுடியோடு ராஜரத்தினம் தரையைப் பார்த்து நின்றார். இரண்டு பக்கமும் சம்பந்திகள். எதிரே நானூறு பேர்.

குரூப்பில் வந்த பத்திரிகையைப் பார்த்து, அட்மினை நேரில் கும்பிட்டுவிட்டுப் போக அடிவாரத்திலிருந்து ஒரு ஆள் வந்திருந்தார். கழுத்தில் விசில் இல்லாததால் முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மேடையேறிய பாண்டிதுரை, ராஜரத்தினத்தின் தலையைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார். முனீஸ்வரி ஆவலோடு திரும்பினாள்.

"நீங்கதான் அருவி ராஜாவா அண்ணாச்சி? வெள்ளிக்கிழமை சாயங்காலம் குரூப்புல 'பேச்சி ஓடையில் வெள்ளம், மூடியாச்சு, ஞாயிறு யாரும் வர வேண்டாம்'னு நீங்க போட்டதைப் பாத்துட்டுத்தானே நான் அந்த மூங்கியவே எறக்குனேன்!"